முனைக் கம்பத்துத் துணி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? உடைந்த பல்லைக் கட்டிக்கொண்டாயா? நான் இருக்கிறேன். இருமல்தான் விட்டபாடில்லை.

உன் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் உன் சிநேகிதன் தையல்காரன்தான் இந்த விலாசத்தைக் கொடுத்தான். "நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க அண்ணி" என்றான். சொல்லிவிட்டேன். வீடு வீடாக இன்டர்நெட் இழுத்துக் கொடுத்த குடும்பம் நாம். இப்போது தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெருவில் போகிறவர்களைக் கேட்கிறேன்.

உன் அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அதைப் பற்றிக் கேட்க எழுதவில்லை. இன்டர்நெட் கம்பெனிகளைக் கவனிக்கிற ஒழுங்குமுறை ஆபீசில் அவர் சாவுக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். நான் பேச வேண்டும். எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. "முதல்ல யாருக்காவது எழுதிப் பாருங்க, அப்பத்தான் அங்க நாக்கு தடுமாறாது" என்று கீழ் வீட்டு டீச்சர் சொன்னார். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

ஒரு கம்பத்தில் ஆறு ஒயருக்குத்தான் இடம். கம்பெனிகள் போட்டி போட்டால் ஜனங்களுக்கு நல்லது என்று அந்த ஆபீஸ் ஒரு விதி போட்டது. யாருடைய ஒயராவது எழுபத்திரண்டு மணி நேரம் உயிரில்லாமல் கிடந்தால் அந்த இடம், கேட்டுக் காத்திருக்கிற அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். நல்லதை நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து பெரிய கம்பெனி நம் முதலாளியின் ஒயரை வெட்டுவதும், ஒட்ட வருகிறவனை மூன்று நாள் அடித்து விரட்டுவதும்தான் தொழிலாகப் போயிற்று. நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ஒயர் இணைப்புப் பெட்டி ஒன்றைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். நீ அக்டோபரில் பெரிய கம்பெனிக்குப் போன அன்று உன் அண்ணன் உன்னைக் கடைத்தெருவில் வைத்து அடித்ததும் இந்தச் சூட்டில்தான்.

ஜனவரி எட்டாம் தேதி மத்தியானம் ஒன்றரைக்கு நம் ஒயரை வெட்டினார்கள். ஒட்டப்போன இரண்டு பேரில் ஒருவனுக்குக் கை முறிந்தது. இன்னொருவனுக்குக் காது பாதி தொங்கியது. பதினொன்றாம் தேதி பதினொன்றரைக்கு உன் அண்ணன் போனார். கெடு முடிய இரண்டு மணி நேரம்.

ஒயரைத் தாங்குகிற எஃகுக் கம்பி ஏழு கம்பத்துக்கும் ஒரே இழுப்பு. ஏணியை அதன் மேல்தான் சாய்க்க வேண்டும். நடுவில் ஒருவன் நிற்கும்போது முனைக் கம்பத்தில் வெட்டினால் கம்பி தொய்யும், ஏணியோடு அவன் கீழே. நம் தெரு முனையில் ஒரு முனைக் கம்பம். இன்னொன்று திருப்பம் தாண்டி, மாவு மில் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஏணி தெரியாது. அதனால்தான் ஏறுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் துணி கட்டுவது. துணி இருந்தால் மேலே ஆள் இருக்கிறான். எந்தக் கம்பெனிக்காரனாக இருந்தாலும், எவ்வளவு பகை இருந்தாலும், அந்தக் கம்பியைத் தொடக்கூடாது. எந்தக் காகிதத்திலும் இல்லாத விதி. எல்லோரும் மதித்தது அது ஒன்றைத்தான்.

மில் பக்கத்தில் வெட்டினார்கள். பதினெட்டு அடி. தலை சாக்கடை மூடியில் பட்டது. ஏணி அவர் மேல் விழுந்தது. நான் ஓடிப்போனபோது ஒரு கால் மட்டும் படியை மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

இப்போது ஆபீசில் ஒரு போட்டோ காட்டுகிறார்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். நம் முனையில் துணி இருக்கிறது. மில் முனையில் இல்லை. துணி கட்டாமல் ஏறினார், தன் கவனக்குறைவால் செத்தார் என்று எழுதிவிட்டால் வழக்கு அதோடு மூடிவிடும். பெரிய கம்பெனியோ, "எங்கள் ஒயரைத் திருட்டுத்தனமாக வெட்ட வந்தவர்" என்றே மனுவில் எழுதியிருக்கிறது.

பன்னிரண்டு வயதிலிருந்து அவர் பின்னால் ஏணி தூக்கியவன் நீ. துணி கட்டாமல் அவர் ஏறுவாரா? வந்து அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். குளிர்ந்த தரையில் படுக்காதீர்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வலது கை விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்கிறார். இங்கே ஒரு கோடவுனில் மூட்டை ஏற்றுகிறேன். ஒயர் வேலைக்குப் போகவில்லை.

அண்ணன் துணி கட்டாமல் ஏறமாட்டார். இது உலகத்துக்கே தெரியும். ஆனால் நான் வந்து சொன்னால் எடுபடாது. அந்தக் கம்பெனியில் மூன்று மாதம் வேலை பார்த்தவன் நான். ஒரு பக்கத்துக்காரன் தம்பி என்பான், இன்னொரு பக்கத்துக்காரன் துரோகி என்பான்.

அண்ணி, போனவர் போய்விட்டார். காகிதத்தில் எப்படி எழுதினால் என்ன? நீங்கள் அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


மே 1

அன்புள்ள தம்பிக்கு,

கை எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வை. படுக்கும்போது அந்தக் கையைத் தலைக்கு வைக்காதே. சின்னதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம்.

காகிதத்தில் எப்படி எழுதினால் என்ன என்று கேட்டாய். காய்கறிக் கடைக்காரி நேற்று என்ன சொன்னாள் தெரியுமா? "வெட்டப் போன எடத்துல வினையாயிடுச்சாமே" என்கிறாள். அவள் வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு கனெக்ஷன் கொடுத்தவர் உன் அண்ணன். அவள் கடைத் தராசைத் தூக்கி நடுத்தெருவில் அடித்துவிட்டு வந்தேன். காகிதம்தான் அப்புறம் வாயாகிறது, தம்பி.

போன செவ்வாய்க்கிழமை கொக்கி வந்தான். பெரிய கம்பெனி லைன்மேன்களுக்கு மேஸ்திரி, உனக்கும் மேஸ்திரியாக இருந்தவன்தானே. மரத்தில் சிக்கிய ஒயரை இழுக்கும் கொக்கியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கூட ஒரு வக்கீல் குமாஸ்தா.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. விபத்துன்னு ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"எல்லாருக்கும்னா யாரு?"

"உனக்குந்தான். தனியா இருக்கிற பொம்பள. அடுப்புல கேஸு கசியலாம், மாடிப்படி வழுக்கலாம். நாங்களா வந்து தூக்குவோம்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். குமாஸ்தா காகிதத்தை விரித்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். மேஜையில் உன் அண்ணனின் கட்டிங் பிளேயர் கிடந்தது. மூக்கு நீளமாக இருக்குமே, அது. காகிதத்தில் குத்தத்தான் நினைத்தேன். அவன் கையும் சேர்ந்துகொண்டது. மேஜையோடு ஒட்டிக்கொண்டு கத்தினான். கொக்கிதான் பிடுங்கிவிட்டான். போகும்போது என் வாயில் புறங்கையால் ஓர் அடி. உதட்டில் மூன்று தையல். குமாஸ்தாவுக்கு ஐந்து என்று கேள்வி.

மறுநாள் முதலாளியின் ஆபீசுக்குள் பட்டப்பகலில் புகுந்து, கண்ணாடி ஒயரை ஒட்டுகிற மெஷினைப் படியில் போட்டு உடைத்தார்கள். தடுத்தவனின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் அண்ணன் விழுந்த அன்று காலை எட்டு மணிக்கு டிபன் கேரியரோடு உன் அறைக்கு வந்தேன். காய்ச்சல், படுத்திருக்கிறேன் என்று முந்தின நாள் சொன்னாயே. அறை பூட்டியிருந்தது. டாக்டரிடம் போயிருந்தாயோ? கேரியரை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தேன்.

பதில் போடு. ஜூன் ஆறாம் தேதி விசாரணை. முடிந்தால் வா.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கைவலி அதிகமோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உதடு ஆறிவிட்டது. சிரித்தால்தான் இழுக்கிறது. அந்தக் கஷ்டம் அதிகம் வருவதில்லை.

விசாரணை நடந்தது. நான் கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்தேன். ரேஷன் கடை மாதிரி இருந்தது. டோக்கன் எண் முப்பத்து நான்கு. எனக்கு முன்னால் வேகம் குறைவாக வருகிறது என்று ஒரு கிழவர் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். "நொடிக்கு நூறுன்னாங்க, நாப்பதுதான் வருது" என்று அழாத குறை. அவர் போனதும் என்னைக் கூப்பிட்டார்கள். அதே நாற்காலி.

அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் விதி எண்தான் வந்தது, ஆனால் காது கொடுத்துக் கேட்டாள். நான் உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். தடுமாறவில்லை. "ரெண்டு துணி குடுத்தீங்களா?" என்றாள். "ரெண்டும் என் கையால கிழிச்சுக் குடுத்தேன்" என்று சத்தியம் செய்தேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தான். "இந்தத் துணி கட்டுறது அங்கீகரிக்கப்பட்ட அடையாளமா?" என்றான். "உங்க வேட்டியில தீப்பிடிச்சா அங்கீகாரம் வாங்கிட்டுத்தான் அணைப்பீங்களா?" என்றேன். பின்னால் அந்தக் கிழவர் கைதட்டினார். ஆனால் அடுத்ததாக அவன் கேட்டது வேறு. டிசம்பரிலிருந்து நம் ஆட்கள் மேலே யாரும் இல்லாமலேயே துணி கட்டி வைத்தார்களாம், ஒயரை யாரும் வெட்டாமல் இருக்க. உண்மையா என்றான். முதலாளி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். உண்மைதான், தம்பி. எல்லோரையும் பொய்த்துணி கட்டச் சொன்னார். உன் அண்ணன் ஒருவர்தான் கட்டவில்லை. "நாளைக்கு நெசமா ஏறுறவன் சாவான்யா" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டார். அதையும் எழுந்து சொன்னேன்.

பிறகு கொக்கி. "நாங்க மூணு பேரு மில் பக்கம் வேற சோலியா இருந்தோம். கம்பத்துல துணி எதுவும் இல்ல. கம்பி பழசு, தானா அந்துச்சு" என்றான். வெட்டிய வாய் பளபளவென்று இருந்தது என்று போலீஸ் காகிதத்திலேயே இருக்கிறது. அதிகாரி அதைப் படித்துக் காட்டிவிட்டு, மூன்று பேர் யார் யார் என்றாள். தன் பெயரும் இன்னொருவன் பெயரும் சொன்னான்.

"மூணாவது?"

"தினக்கூலி ஆளு மேடம். பேரு ஞாபகம் இல்ல."

சொல்லும்போது அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

வெளியே கேட்டருகில் நின்று, "தோண்டாத. தோண்டுனா உன் வீட்டு எலும்புதான் வரும்" என்றான். அன்று சாயங்காலம் வாசலில் இருந்த ஒயர்ச் சுருளை இரண்டு பேர் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் உருகி வாசற்படியில் கறுப்பாக உறைந்துவிட்டது. சுரண்டினாலும் போகவில்லை.

அடுத்த விசாரணை அக்டோபரில். மில் முனையில் துணி இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம்.

மூன்றாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியுமா? அவர்களோடு வேலை பார்த்தவனாயிற்றே.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உதட்டில் தையல் என்று எழுதியதைப் படித்தேன். கொக்கி சொன்னால் செய்கிறவன். அந்த வீட்டைக் காலி செய்யுங்கள். உங்கள் அக்கா ஊருக்குப் போய்விடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

என் கை அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் இங்கே ஒரு தகராறு. லாரிக்கு அடியில் ஒருவன் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுக்கப் போனான். நான் அவனைக் கதவோடு இழுத்துப் போட்டு அடித்தேன். கீழே படுத்திருந்தவனே எழுந்து வந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா, விடு" என்று என்னைப் பிடித்து இழுத்தான். என்னால் நிறுத்த முடியவில்லை. டிரைவருக்குத் தாடை இரண்டாகிவிட்டது. வேலை போய்விட்டது. இப்போது வேறு கோடவுன்.

படுத்தால் தூக்கம் இல்லை. என்னென்னவோ ஞாபகம் வருகிறது. என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுப் புடவை. அதைப் போய்க் கிழித்தீர்களே அண்ணி. வேறு துணியே கிடைக்கவில்லையா?

விசாரணைக்கு இனிமேல் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா?

உன் கடிதத்தைக் கீழ் வீட்டு டீச்சரிடம் காட்டவில்லை. நானே நாலு தடவை படித்தேன்.

அந்த ஆரஞ்சுப் புடவையைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். எங்காவது போனால் கட்டுவது. பழைய பாவாடைத் துணியெல்லாம் தீர்ந்துவிட்டதால் ஜனவரி பதினொன்றாம் தேதி காலையில்தான் முதல் தடவையாக அதில் கை வைத்தேன். அன்று அவர் எடுத்துப் போனதுதான் அதிலிருந்து கிழித்த முதல் துணி. நம் முனையில் இருந்ததை ஆபீஸ்காரர்கள் அன்றே உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். போட்டோ கறுப்பு வெள்ளை. எந்தப் புடவை என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. திருப்பிப் படித்துப் பார்.

பதில் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

ஆறு வாரம் பார்த்தேன். தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது மணியை அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணி. காலனிப் பக்கம் பெரிய கம்பெனியின் கம்பியில் வேலை. முனைக் கம்பத்தில் நீலத் துணி கட்டியிருந்தது. திருப்பத்தில் போய் எட்டிப் பார்த்தேன். ஏணியில் கொக்கிதான். ஆள் குறைவோ என்னவோ, மேஸ்திரியே ஏறியிருந்தான். கீழே ஏணியைப் பிடிக்கக்கூட யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனின் இரண்டடிக் கட்டரை எடுத்துக்கொண்டு முனைக் கம்பத்துக்குப் போனேன். கம்பி அங்கே சரிந்து இறங்கித் தரையில் கட்டியிருக்கிறது, என் நெஞ்சு உயரத்திலேயே கைக்கு எட்டும். கட்டரின் வாயைத் திறந்து கம்பியில் வைத்தேன். அவன் மேலே அசைகிற ஒவ்வொரு அசைவும் கைப்பிடி வழியாக என் கைக்கு வந்தது. ஸ்குரூ முடுக்குகிறான், தெரிகிறது. கால் மாற்றுகிறான், தெரிகிறது. ஓர் ஆள் அந்தக் கம்பியில் இருப்பதைக் கை சொல்லிவிடும், தம்பி. எனக்கு அதுவரை அது தெரியாது. உன்னைப்போல் தொழில் பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கால் மணி நேரம் நின்றேன். அந்த நீலத் துணி காற்றில் என் முழங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது. என் புருஷனைக் கொன்றவன். என் வாயைக் கிழித்தவன். ஒரே அழுத்து. என்னால் முடியவில்லை. துணி கட்டியிருந்ததே. அதைப் பார்த்தும் வெட்ட வேறு மாதிரிக் கை வேண்டும். அந்தக் கை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அவன் இறங்கி முனைக்கு வந்து, துணியை அவிழ்த்துத் தோளில் போடும்வரை காத்திருந்தேன். பிறகு கட்டரைத் திருப்பிப் பிடித்து முட்டியில் ஓர் அடி. விழுந்தான். அடுத்த முட்டியில் இன்னொன்று. உள்ளே ஓடு உடைகிற சத்தம் கேட்டது. இடுப்புக் கொக்கியை எடுக்கக் கை போனது, அந்தக் கையையும் மிதித்தேன். "பேரு ஞாபகம் வருதாடா இப்ப?" என்றேன். வந்தது. சொன்னான்.

ஸ்டேஷனில் ஒன்றரை நாள் உட்கார வைத்தார்கள். டீச்சர் ஜாமீனுக்கு வந்தார். கொக்கி இனி ஏறமாட்டான். நடப்பதே சந்தேகம். அவன் சொன்னது மிரட்டி வாங்கியதாம், செல்லாதாம். அதிகாரியே சொல்லிவிட்டாள்.

அவன் சொன்ன பேரை இங்கே எழுதவில்லை. நீ எழுது.

அண்ணி


அக்டோபர் 4

அண்ணி,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நான்தான்.

அன்று காலை ஏழு மணிக்கே கொக்கி வந்து என்னை எழுப்பி அழைத்துப் போனான். காய்ச்சல் என்று நான் உங்களிடம் சொன்னதே அந்த மூன்று நாளும் தெருப்பக்கம் வராமல் இருக்கத்தான். பதினொன்றே முக்காலுக்கு மில் முனைக்குப் போனோம். துணி இருந்தது. கொக்கி அதை இழுத்துப் பிய்த்தான். "சும்மா கட்டி வெச்சிருக்கானுங்க. மேல ஒரு காக்காகூட இருக்காது. வெட்டு" என்று துணியை என் கையில் திணித்தான். இன்னொருவன் கட்டரைக் கொடுத்தான்.

துணியைப் பார்த்ததுமே புடவை தெரிந்துவிட்டது. ஓரத்தில் சின்னப் பூ இருக்குமே. கடையில் நான் மூன்று மணி நேரம் நின்று எடுத்தது. நம் வீட்டுத் துணி என்றால் மேலே அண்ணன்தான். அண்ணன் பொய்த்துணி கட்டமாட்டார். அது எனக்குத் தெரியும். கட்டரை வைத்தபோது கம்பியில் அசைவு வந்ததும் தெரியும். நீங்கள் எழுதினது சரி, கை சொல்லிவிடும்.

கொக்கி சொன்னதை நம்பினேன் என்று முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நம்பவில்லை. நம்பினவன் மாதிரி ஒரு நிமிடம் நின்றேன். கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க அவர் என்னை அடித்ததும், நான் துப்பின பல்லும் அந்த நிமிடத்தில் இருந்தன. கொஞ்சம் கீழே விழட்டும், இடுப்பு பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். சாக வேண்டும் என்று இல்லை. அதைச் சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெட்டினேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஏணி விழுகிற சத்தம் வந்தது. அவர் கத்தினது என் பெயரையோ உங்கள் பெயரையோ இல்லை. "டேய், ஆளு இருக்கு" என்று மட்டும்தான்.

துணியை எறிய முடியவில்லை. இத்தனை நாள் தலையணை உறைக்குள் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். எரித்துவிடுங்கள், இல்லை என்ன தோன்றுகிறதோ செய்யுங்கள்.

நான் வேறு எங்கும் ஓடவில்லை. இதே விலாசம்தான்.

தம்பி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.


அக்டோபர் 14

தம்பிக்கு,

கடிதம் வந்தது. துணியும் வந்தது.

நான் ஒன்று மறைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை எனக்கும் உன் அண்ணனுக்கும் சண்டை. திரும்பி வந்த கேரியர் கனமாக இருப்பதைத் தூக்கிப் பார்த்துவிட்டார். இரண்டு மாதமாக அவருக்குத் தெரியாமல் உனக்குச் சோறு கொண்டுபோவது அன்றுதான் தெரிந்தது. "அவனுக்கு ஊட்டித்தான் என் லைன அறுக்க அனுப்புறியா" என்றார். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். அந்தப் புடவையை இழுத்துக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தேன். ஒன்றை எறிந்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதை எறிந்தேனா, கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேனா, தெரியவில்லை. அவர் குனிந்து எதையோ எடுத்தார். ஒன்றா, இரண்டா, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதிப் புடவையை எத்தனை தடவை அளந்து பார்த்தேன் தெரியுமா? முழத்தால், சாணால், விரலால். கிழிந்த புடவை எதையும் சொல்லாது. அதிகாரி முன்னால் இரண்டு என்று சத்தியம் செய்தேனே, தெரியாமல் செய்தது. ஒன்பது மாதம் என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் கொடுக்காததால் அவர் ஒரு முனையோடு ஏறிவிட்டாரோ என்று. நீ தலையணைக்குள் வைத்திருந்தது துணி இல்லை. என் உயிரை வைத்திருந்தாய். விரல் மடங்கவில்லை என்று எனக்கே எழுதினாய். நானும் உப்புத்தண்ணீரில் வை என்றேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். எரிக்கலாம் என்றும் நினைத்தேன். கேஸைப் பற்றவைத்து நின்றேன். நீ பன்னிரண்டு வயதில் கால்சட்டைப் பையில் ஸ்குரூ நிரப்பிக்கொண்டு வந்து நின்றது ஞாபகம் வந்தது. பிறகு காய்கறிக் கடைக்காரி சொன்னதும் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

நேற்று விசாரணை. டோக்கன் எண் பதினொன்று. துணியை மேஜையில் வைத்தேன். அதிகாரி உறையைப் பிரித்து மற்ற துண்டை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். இரண்டையும் நகர்த்தி நகர்த்திச் சேர்த்துப் பார்த்தாள். கிழிந்த ஓரம் நூலுக்கு நூல் சேர்ந்தது. அந்தச் சின்னப் பூ ஒன்று பாதி இதில், பாதி அதில் இருந்தது. கம்பெனி வக்கீல் பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

"ரெண்டு முனையிலும் அடையாளம் கட்டப்பட்டிருந்தது" என்று சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். டீச்சர் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். கம்பத்து இடம் எந்தக் கம்பெனிக்கு என்பது இன்னும் முடிவாகவில்லையாம், அடுத்த வருஷம் ஆகுமாம். ஆகட்டும். இனிமேல் துணிக்குப் பதிலாக எண் போட்ட சிவப்புத் தகடு தொங்கவிட வேண்டுமாம், ஆபீசில் விண்ணப்பம் கொடுத்து வாங்க வேண்டுமாம்.

துணி யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். உறையையும் கொடுத்தேன். உறையின் பின்னால் உன் விலாசம் இருக்கிறது.

வேறு ஊர் என்பதால் போலீஸ் சனிக்கிழமைதான் அங்கே வரும் என்று பேசிக்கொண்டார்கள். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்துவிடும். இதை நான் சொல்லக்கூடாது. சொல்கிறேன். மேலே ஆள் இருப்பது தெரிந்தும் ஒரு நிமிடம் தெரியாதவன் மாதிரி நின்றாய். இப்போது முழுசாக ஒரு நாள் இருக்கிறது. நீ எப்படி நிற்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயிலுக்குச் சோறு கொண்டுவருவேனா என்று கேட்காதே. கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொள். அவர்கள் வந்தால் பொழுதெல்லாம் உட்கார வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நீ வெட்டிய கம்பியில் இருந்தவரின் மனைவி